பள்ளத்துக் கீரை

என் வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டோடு நின்றுவிடும். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். மூன்றாவதுக்கு யோசிக்க வேண்டும். கெட்டதைச் சொல்லச் சொன்னால் மூச்சு விடாமல் சொல்வேன். இப்போது சொல்லப் போவது பெரும்பாலும் அதைத்தான்.

இருபத்துமூன்று வருடமாக மண் பரிசோதனை நிலையத்தில் மண் எடுக்கிற வேலை அவருக்கு. யாராவது விண்ணப்பம் கொடுத்தால் மண்வெட்டி, வாளி, துணிப்பைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர்கள் வயலுக்குப் போவார். வயலில் வளைந்து வளைந்து நடந்து பதினைந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டுவார். ஒவ்வொரு வெட்டின் ஓரத்திலிருந்தும் மேலிருந்து கீழ்வரை ஒரு சீவல் மண்ணை வழித்து வாளியில் போடுவார். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிடுவார். மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி தள்ளுவார். கடைசியில் அரைக் கிலோ நிற்கும். அதை நிழலில் உலர்த்திப் பையில் கட்டிச் சீட்டு எழுதுவார். நிலையத்தில் இடம் போதாத மாதங்களில் அந்தப் பைகள் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிடும். ஊரான் வயல் மண்ணைப் பெருக்கிப் பெருக்கியே என் இடுப்பு போயிற்று.

நிலையத்தில் அவருக்கு மண்ணாந்தை என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மண் எடுப்பதற்கு ஒரு விதி உண்டு. ஐந்து இடத்தில் எடுக்கக் கூடாது. அதை அவர் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்: "வரப்பை விடு, வாய்க்கால் ஓரத்தை விடு, மர நிழலை விடு, எருக்குழியை விடு, தண்ணி தேங்குற பள்ளத்தை விடு." இதெல்லாம் வயலின் குணத்தோடு ஒட்டாத இடங்களாம். அந்த மண்ணைச் சேர்த்தால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடுமாம். எந்த உரம் எவ்வளவு போடலாம் என்று சொல்வதற்கு அது சரியான விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மனிதர் அந்த விதியை வயலோடு நிறுத்தவில்லை. இவருக்குப் பின்னால் வேலையில் சேர்ந்தவன் இவருக்கே மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தபோது "விட்டுடு" என்றார். சொத்தைப் பிரித்தபோது தம்பி நிலத்தை எடுத்துக்கொண்டு ஒழுகுகிற வீட்டை இவர் தலையில் கட்டினான். அதற்கும் "விட்டுடு". எங்கே பள்ளம் தெரிந்தாலும் சுற்றிக்கொண்டு போகிற ஜென்மம். இவரோடு சண்டை போடக்கூட முடியாது, சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தத் தம்பி, என் கொழுந்தன், முக்கால் ஏக்கரில் கீரை போட்டிருந்தான். நிலம் ஒரு பக்கம் சரிவு. சரிவின் அடியில் வாய்க்கால் ஓரமாக ஒரு பள்ளம். வாய்க்காலில் மேலே போனால் பேட்டரிக் கொட்டகை ஒன்று இருந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கிக் கட்டிகளாக்கி அனுப்புவார்கள். உடைத்த பேட்டரியின் அமிலம், கழுவின தண்ணீர் எல்லாம் வாய்க்காலுக்குள்தான் போனது. கொட்டகையை மூடி ஒன்பது வருடமாகிறது. மூடினதோடு எல்லோரும் அதை மறந்துவிட்டோம். மழைக்காலத்தில் வாய்க்கால் பொங்கி, கறுத்த வண்டல் பள்ளத்தில் வந்து படியும். அங்கே கீரை தளதளவென்று வரும். கொழுந்தன் அந்த வண்டலை வெட்டி மற்றப் பாத்திகளுக்கும் கொஞ்சம் இறைப்பான்.

நான் குழந்தைகள் காப்பகத்தில் சமையல்காரி. வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிப் போகிற பிள்ளைகள், நாற்பத்திரண்டு பேர். மத்தியானம் சோறும் கீரையும் என் கையால். கீரை கொழுந்தன் தோட்டத்தில் இருந்து வரும். அவன் மேட்டுக் கீரையை அனுப்பினால் நான் திருப்பி அனுப்புவேன். "நார் நாரா இருக்கு, பிள்ளைங்க துப்புதுங்க. பள்ளத்துக் கீரையா பாத்து அறு" என்று சண்டை போட்டு வாங்குவேன். மூன்று தண்ணீரில் அலசுவேன். ஒரு துகள் மண் பல்லில் பட்டால் என் பெயரை மாற்றிக் கூப்பிடு என்று பெருமை வேறு பேசியிருக்கிறேன். இலைமேல் ஒட்டினதைத் தண்ணீர் கொண்டு போகும். வேர் வழியாக இலைக்குள் ஏறினதை நூறு தண்ணீர் ஊற்றினாலும் ஒன்றும் செய்ய முடியாது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா? ஆகவில்லை. நாற்பத்திரண்டு தட்டிலும் நான்தான் அள்ளி வைத்தேன்.

வருடா வருடம் என் வீட்டுக்காரர் தம்பி நிலத்திலும் மண் எடுப்பார். பரிசோதனைத் தாள் வரும். அதில் கடைசி வரி: மண் வளம், நன்று. ஆறு வருடத்தில் ஆறு தாள். கொழுந்தன் ஆறையும் பிளாஸ்டிக் உறை போட்டு மோட்டார் அறைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தான். கீரை வாங்க வருகிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப் போவான். "எங்க அண்ணன் கையால எடுத்த மண்ணு" என்பான். அண்ணனை வேறு எதற்கும் அவன் மதித்து நான் பார்த்ததில்லை.

அவனுக்கு ஒரே பெண். நாலு வயது. பொடிசு என்று கூப்பிடுவோம். அவளும் எங்கள் காப்பகத்தில்தான் இருந்தாள். அவள் அம்மா, என் ஓரகத்தி, என்னிடம் அதிகம் பேச மாட்டாள். நானும் வலியப் போய்ப் பேசினதில்லை. ஆனால் பொடிசுக்கு அந்த வேலியெல்லாம் கிடையாது. "பெரிம்மா" என்று என் காலைக் கட்டிக்கொண்டு சமையலறையிலேயே கிடப்பாள்.

போன வருடம் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராக வயிற்று வலி வந்தது. வெளிக்குப் போகாது, விளையாடாது, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும். பொடிசுதான் ரொம்ப மோசம். முகம் வெளுத்துவிட்டது, அவளிடம் எதையும் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. சுகாதார நிலையத்து டாக்டரம்மா வந்து எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாள். பத்து நாளில் முடிவு வந்தது. ரத்தத்தில் ஈயம். ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டுமாம். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு, பதினாலு என்று இருந்தது. பொடிசுக்கு முப்பத்தொன்று.

டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சொன்னதுதான் தாமதம், அத்தனை தாய்மாரும் என் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். வெள்ளையாக, இலேசாக இருக்கிற சட்டியை நாம் என்ன சொல்கிறோம்? ஈயச் சட்டி. அது அலுமினியம். அதில் ஈயம் மருந்துக்குக்கூட இல்லை. பேச்சுவழக்கில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். ஆனால் அன்றைக்கு அதை யாரிடம் சொல்ல?

"ஈயச் சட்டியிலதானே ஆக்குறா! கண்ணு முன்னாடி தெரியுதே!"

"ஐயோ, அது அலுமினியம்டி."

"என் புள்ளைக்குப் பதினாலு ஏறியிருக்கு, இவ எனக்குப் பேரு சொல்லித் தரா!"

டாக்டரம்மாவும் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தாள். கேட்பாரில்லை. என் பெரிய சட்டியை வெளியே இழுத்துப் போட்டு ஒருத்தி கல்லால் நசுக்கினாள். இன்னொருத்தி என் மேல் துப்பினாள். நேற்றுவரை பிள்ளையை என் இடுப்பில் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினவள்.

கொழுந்தன் வந்தான். அவனாவது எனக்காகப் பேசுவான் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அண்ணி, என் மண்ணு நன்றுன்னு ஆறு வருஷமா எழுதிக் குடுத்திருக்காங்க. உங்க சட்டிக்கு எவன் எழுதிக் குடுத்தான்? இனிமே என் பொண்ணு உங்க கையால ஒரு பருக்கை திங்க மாட்டா."

பொடிசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். காப்பகத்துப் பொறுப்பாளர் என்னிடம், "கொஞ்ச நாள் வராதீங்க" என்றார். என் வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "விட்டுடு. நாலு நாள்ல மறந்துடுவாங்க." அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போடவில்லை.

ஏழு வாரம் வீட்டில் கிடந்தேன். கடைக்குப் போனால் பேச்சு நிற்கும். குழாயடிக்குப் போனால் குடங்கள் நகரும். கடைசியில் மானம் கெட்டது போதும் என்று சுகாதார நிலையத்துக்குப் போனேன். என் சட்டியில் ஈயம் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லி டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவள் உடனே எழுதிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னாள்.

"அம்மா, நேத்து ரெண்டாவது தடவை ரத்தம் பாத்தோம். நீங்க நின்ன பிறகு காப்பகத்துல ரொட்டியும் முட்டையும்தான் குடுக்கிறாங்க. எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் இறங்கியிருக்கு. ஒரு பிள்ளைக்கு மட்டும் ஏறியிருக்கு."

"யாருக்கு?"

"உங்க கொழுந்தன் பொண்ணு. முப்பத்தொண்ணு இருந்தது, இப்ப நாப்பத்திமூணு. அவ காப்பகத்துக்கே வரல. வீட்ல என்ன சாப்பிடுறா?"

எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும், ஓரகத்தி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரத்தம் கம்மியா இருக்காம். ரெண்டு வேளையும் கீரைதான் குடுக்கிறாங்க. சொந்தத் தோட்டத்துக் கீரை" என்றேன்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டாள். "கீரை குடுங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றாள்.

"நாப்பத்தஞ்சைத் தொட்டா பெரிய ஆஸ்பத்திரில சேர்த்தாகணும். ஈயம் எலும்புல போய் உக்காரும், மூளையைத் தொடும். நாலு வயசுல தொட்டதைத் திருப்பி எடுக்க முடியாது."

மறுநாளே கொழுந்தனைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் ஆறு தாளையும் உறையோடு கொண்டுவந்து மேசையில் அடுக்கினானாம். "ஆக்கினவளை விட்டுட்டு விளைய வச்சவனைப் பிடிக்கிறீங்களா?" என்று கத்திவிட்டுப் போனானாம். டாக்டரம்மா என்னிடம் சொன்னாள்: "அந்த மண்ணுல ஈயம் இருக்குன்னு ஒரு தாள் கொண்டாங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

தாளுக்கு நான் எங்கே போவேன்? தாள் கொடுக்கிற ஆசாமி என் வீட்டு முன்னறையில் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பி தோட்டத்துப் பள்ளத்துல மண்ணு எடுக்கணும்" என்றேன்.

"பள்ளத்துல எடுக்கக் கூடாது."

"ஏன்?"

"விதி. பதினஞ்சு இடத்துல எடுத்தாச்சு, போதும். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "யாருகிட்ட சோத்துப் பதம் பேசுறீங்க? இருபது வருஷமா அண்டா அண்டாவா ஆக்குறவ நான். மேல எடுத்துப் பாத்தா பூவா இருக்கும், அடியில கரிக்கட்டையா இருக்கும். ஒரு சோறு பதம்னு சொன்னவன் அடிப்பிடிச்ச பானையைக் கழுவினவன் இல்ல."

அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல. நம்ம நிலையத்துல ஈயம் பாக்க மாட்டாங்க. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, உப்பு. அவ்வளவுதான்."

அதைக் கேட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அப்ப நன்றுன்னு போட்டிருக்கே, அது?"

"பயிருக்கு நன்று."

"திங்கிறவங்களுக்கு?"

"அது அந்தத் தாள்ல இல்ல."

"இது உங்க தம்பிக்குத் தெரியுமா?"

"அவன் கேக்கல."

அவன் கேட்கவில்லையாம்! என் கை என்ன செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்திலிருந்த பையை எடுத்து வாயை அவிழ்த்து வாசலில் கொட்டினேன். அடுத்ததை எடுத்தேன். பதினாலு பை, பதினாலு பேர் வயல், எல்லாம் ஒரே குவியலாக வாசலில் கிடந்தது. அந்த மனிதர் எழுந்து வந்து குவியலைப் பார்த்தார். "சீட்டு எல்லாம் கலந்துபோச்சே" என்றார்.

"பொடிசுக்கு நாப்பத்திமூணு" என்றேன். அழுகை வந்துவிட்டது, அதுவும் கோபத்தில்தான்.

"எவ்வளவு?"

"நாப்பத்திமூணு. போன தடவை முப்பத்தொண்ணு."

"எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்?"

"அஞ்சு. அதுகூட இருக்கக் கூடாதுங்கிறாங்க."

அழுகை, கத்தல், சாபம் எல்லாம் அவர் காதில் எருமை மேல் பெய்த மழைதான். எண் மட்டும் உள்ளே போகும். அன்றைக்குப் போயிற்று. ஐந்து, நாற்பத்துமூன்று என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டார். சைக்கிளை எடுத்தார். மண்வெட்டியைக் கட்டப் போனவர் அதை வைத்துவிட்டு, "உலோகம் பாக்கப் போற மண்ணு, இதுக்கு இரும்பு ஆகாது" என்று ஒரு மரக்கட்டையைச் சீவி எடுத்துக்கொண்டார். நான் பின்னாலேயே நடந்து போனேன்.

கொழுந்தன் கீரைக் கட்டுகளைச் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். இவர் மேட்டில் இறங்கி, பாத்திகளுக்கு நடுவே நடந்து, பள்ளத்து விளிம்பில் வந்து நின்றார். ஆறு வருடமும் இங்கேதான் திரும்பியிருப்பார் போலிருக்கிறது, கால் தானாகத் திரும்பப் பார்த்தது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கணுக்கால் வரை புதைந்தது. கட்டையால் ஒரே இடத்தில் தோண்டி, கறுப்பு மண்ணை ஒரு பையில் போட்டார். கலக்கவில்லை, பிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த கீரையை வேரோடு இரண்டு பிடி பிடுங்கி இன்னொரு பையில் வைத்தார். சீட்டில் 'பள்ளம்' என்று எழுதினார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அன்றைக்குக் கோணிக்கொண்டு போயிற்று.

நிமிர்ந்தால் ஓரகத்தி வேலிக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.

"ஆள் இல்லாத நேரத்துல வந்து என்ன மாமா பண்றீங்க?"

"மண்ணு எடுக்கிறேன்மா."

"பள்ளத்துல நீங்க எடுக்க மாட்டீங்களே?"

அவர் குனிந்து பையின் வாயைக் கட்டினார். என்னைப் பார்த்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் உடனே உள்ளே போகவில்லை. நாங்கள் தெருமுனை திரும்பும்வரை அங்கேயே நின்றாள்.

நிலையத்தில் மேலதிகாரி பையை வாங்கவே இல்லை. விதிப்படி எடுக்காத மண் மாதிரி செல்லாதாம். "என்ன மண்ணாந்தை, திடீர்னு ஞானம் வந்துருச்சா?" என்றானாம். இவர் சிரிக்கவில்லை என்று அங்கே வேலை செய்கிற பெண் பிறகு என்னிடம் சொன்னாள். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய், உலோகம் பார்க்கிற பெரிய பரிசோதனைக்கூடத்தில் இரண்டு பையையும் கொடுத்துவிட்டு வந்தார். முடிவு வரப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் பொடிசு இரண்டு வேளை கீரை தின்றுகொண்டிருந்தாள். நான் ஒரு தடவை அவர்கள் வாசலில் போய் நின்று, "நாசமாப் போறவனே, நிறுத்துடா" என்று கத்தினேன். கொழுந்தன் என் முகத்தில் கதவைச் சாத்தினான். வேலை போன வயிற்றெரிச்சலில் அவன் பிழைப்பைக் கெடுக்கப் பார்க்கிறேன் என்று தெருவெல்லாம் சொன்னான். நான் கத்தினதாலேயே அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கரண்டி சேர்த்து வைத்திருப்பானோ என்று இன்றைக்கும் எனக்கு உறுத்தல் இருக்கிறது.

தாள் வந்தது. பள்ளத்து மண்ணில் இருக்கலாம் என்று சொல்கிற அளவைப் போல ஒன்பது மடங்கு. கீரையில் ஆறு மடங்கு. ஒரு பிரதியை டாக்டரம்மாவிடம் கொடுத்தோம். "கீரை விக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் போய்ச் சேர ரெண்டு நாள் ஆகும். முதல்ல பிள்ளைக்குக் கீரையை நிறுத்துங்க" என்றாள்.

சாயங்காலம் போனோம். கொழுந்தன் வாசலில் ஈரச் சாக்கு விரித்து மறுநாள் சந்தைக்குக் கீரை கட்டிக்கொண்டிருந்தான். இவர் தாளை நீட்டினார். அவன் படித்தான், மறுபடி படித்தான். அப்புறம் அதைச் சாக்கின் மேல் போட்டான்.

"ஆறு தாள் நல்லதுங்குது. ஒண்ணு கெட்டதுங்குது. ஆறுக்கு ஒண்ணு பெருசா?"

"அந்த ஆறுலயும் பள்ளத்து மண்ணு இல்லடா. ஈயமும் பாக்கல."

"அப்ப பொய்யா எழுதிக் குடுத்தே?"

"பொய் இல்ல. விட்டுட்டு எடுத்தது. நீ பெருமையா மாட்டி வச்சிருந்தே. அது அதுக்கு இல்லடான்னு சொல்ல வாய் வரல."

"இப்ப மட்டும் எப்படி வந்துச்சு? பொண்டாட்டிக்கு வேலை போச்சுன்னு என் வாய்ல மண்ணை அள்ளிப் போட வந்துட்டே!"

"உன் பொண்ணு வாய்ல நாலு வருஷமா நாம போட்டுட்டு இருக்கோம்டா" என்றார் இவர். இவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

கொழுந்தன் எழுந்து இவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். கட்டி வைத்திருந்த கீரை மேலேயே இவர் மல்லாந்து விழுந்தார். நான் சும்மா இருப்பேனா? அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். என்னென்ன வார்த்தை என் வாயில் வந்தது என்று இங்கே சொல்ல முடியாது. இருபத்துமூன்று வருடமாக நான் திட்டாத நாள் இல்லை, ஆனால் இன்னொருத்தன் அந்த மனிதரைக் கீழே தள்ளினால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"விடுங்கக்கா" என்று ஒரு குரல் கேட்டது. ஓரகத்தி உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் பொடிசு. பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. அம்மா தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா பார்த்தது.

ஓரகத்தி என்னிடம் பேசவில்லை, புருஷனிடமும் பேசவில்லை. கீழே கிடந்தவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"மாமா, இவ வயித்துல இருந்தப்ப எனக்குச் சோறு இறங்காம நான் படுத்துக் கிடந்தேன். நீங்க வந்து பாத்தீங்க. நம்ம தோட்டத்துக் கீரைம்மா, நானே மண்ணு பாத்தது, தினம் ரெண்டு பிடி சேர்த்துச் சாப்பிடு, பிள்ளைக்கு நல்லதுன்னு சொன்னீங்க. சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்" என்றார்.

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியும், பள்ளத்துல நீங்க எடுக்கலைன்னு."

"தெரியும்."

"எங்கம்மா சொல்லியிருந்தாக்கூட நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். நீங்க சொன்னதாலதான் சாப்பிட்டேன்."

அவர் எழுந்திருக்க முயற்சி பண்ணவில்லை. கீரைக் கட்டுகளுக்கு நடுவே கையை ஊன்றி உட்கார்ந்தபடி, "என் தப்புதான்மா" என்றார். கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், வாயை மூடிக்கொண்டான். அவள் காலால் இவரைச் சுற்றிக் கிடந்த கீரைக் கட்டுகளை வாசலுக்கு அப்பால் தள்ளினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"தூக்குங்க. இப்பவே டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் பணம், துணி எடுத்துட்டு பின்னாலயே வரேன்."

நான் கையை நீட்டினேன்.

"உங்களை நம்பிக் குடுக்கலக்கா. நீங்களும்தான் இந்தக் கீரையைச் சண்டை போட்டு வாங்கினீங்க. மாமா விழுந்து கிடக்காரு, என் வீட்டுக்காரருக்கு விஷயம் புரியாது. வேற ஆள் இல்லாமக் குடுக்கிறேன்."

ஒவ்வொரு நாளும் அண்டாவும் அரிசி மூட்டையும் தூக்கின கை என்னுடையது. நாலு வயது முடிந்த பிள்ளை, ஓரளவு கனக்கும் என்று காலை ஊன்றிக்கொண்டுதான் வாங்கினேன். வாங்கின வேகத்தில் கை தானாக மேலே போய்விட்டது. அவளிடம் கனமே இல்லை.